மேற்குப் பக்கம் தணிந்த கூரை

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே சுள்ளென்று வெயில். துணி அலசிப் போட்டாயிற்று. உளுந்து ஊறவைக்கணும். கேஸ் புக் பண்ணணும். செருப்பு வார் அறுந்துவிட்டது, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தைக்கக் கொடுக்கணும்.

அவர் இன்றைக்கும் பின்வாசலில் தலையை இடித்துக்கொண்டார். மேற்குப் பக்கம் கூரை என் தோள் உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. நானே குனிந்துதான் போகிறேன், அவர் ஆறடி. நங்கென்று சத்தம். "ஐயோ, பட்டுடுச்சா?" என்று ஓடினேன். நெற்றியைத் தடவிக்கொண்டு பல் விளக்கப் போய்விட்டார். முன்பென்றால் கட்டினவன் பரம்பரையையே இழுத்திருப்பார். பொன்மலை ரயில்வே பட்டறையில் இவர் போடுகிற சத்தத்துக்குக் கிரேனே பயந்து நிற்கும் என்று அந்தோணி சொல்லுவார். அந்தோணி இவர் செட்டில் இருந்தவர். லிஃப்டிங் ஷாப், ரயில் பெட்டியைச் சக்கரத்திலிருந்து தூக்கி வைக்கிற இடம். அங்கேயே ஒரு ஆயுசு.

ரிட்டையர் ஆன நாளிலிருந்து வாயில் பூட்டு. டாக்டரிடம் காட்டியாயிற்று. உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். "டயம் குடுங்கம்மா" என்றார். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பாடு எப்படி? "ம்." பேப்பரில் என்ன? "ம்." சுரேஷ் போன் பண்ணினால் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். பெற்ற பிள்ளையிடம் பேச என்ன கேடு?

சுரேஷ் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான். ஒன்பதாவது மாடி. நல்ல பிள்ளை, நல்ல மருமகள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த பால்கனியில் இவரை உட்காரவைத்தால் "ம்" கூட நின்றுபோகும். எனக்குத் தெரியும்.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணின அன்றைக்கு வழி தெரியாமல் நின்றபோது கோமளா மாமிதான் சாவியை நீட்டினார். மாமியின் பெண் நான் சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் படித்தவள், அந்தப் பழக்கம். மாமி வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். இது அவர்கள் வாழைத்தோப்புக் குடிசை, கொள்ளிடக் கரைப் பக்கம். "சும்மாதானே கெடக்கு, இருங்கோ. ஒண்ணே ஒண்ணு, எதையும் மாத்தாம இருங்கோ" என்றார். வாடகைப் பேச்சை எடுத்தாலே முறைக்கிறார். மாமி நல்லா இருக்கணும்.

மாமியின் பிள்ளை பெங்களூரில். அவனுக்கு இந்தக் கூரையைக் கண்டாலே ஆகாது. இந்த வருஷம் இதற்கு ஏதாவது ஆனால் பிரித்துப் போட்டுவிட்டு ஷீட் ஷெட் போட்டு உரமூட்டை அடுக்கப் போகிறானாம். ஆக, இந்தக் கூரை நிற்கிற வரைக்கும் நாங்களும் இங்கே. அது போனால் ஒன்பதாவது மாடி.

ஜூலை 6, ஞாயிறு

இன்ஸ்டிடியூட் லீவு. அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பாயில் மல்லாந்து மேலே பார்த்தபடி.

"இந்த உத்தரத்துல எதுக்கு ஓட்டை?"

முறத்தைக் கீழே போட்டுவிட்டேன். அரிசி வீடு முழுக்க. முழு வாக்கியம்! எத்தனை நாள் ஆயிற்று முழு வாக்கியம் கேட்டு. முகத்தில் எதையும் காட்டாமல், "எங்கே?" என்றேன், ரொம்ப சாதாரணமாக. காட்டினால் ஆமை மாதிரி ஓட்டுக்குள் போய்விடுவார்.

சாயந்திரம் வரை இரண்டு பேரும் வீட்டையே சுற்றி வந்தோம். ஒரு மாதமாகக் குடியிருந்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்:

– நாலு பக்கமும் சரிவு. நடுவே பனை உத்தரம், அதிலிருந்து சரிவாக இறங்கும் பனங்கைகள், குறுக்கே மூங்கில். எங்கும் ஆணி இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டு.
– உத்தரத்தில் அங்கங்கே சதுரமாகத் துளைகள். எதிலும் எதுவும் செருகவில்லை. பின் எதற்குக் குடைந்தார்கள்?
– மண்சுவர். ஒரு முழம் கனம் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் ஃபேன் வேண்டாம். (குவார்ட்டர்ஸில் ஃபேனுக்கு அடியிலேயே வெந்தோம்.)
– மூங்கில் எல்லாம் அடுப்புப் புகை ஏறிக் கறுப்பு. துணியால் துடைத்தால் பளபளப்பு. பூச்சி அரிப்பு ஒன்று கூட இல்லை.
– கீற்றுக்கு அடியில் பழைய கீற்று, அதற்கு அடியில் கரும்புத் தோகை, அதற்கும் அடியில் ஆற்று நாணல். எது மலிவாகக் கிடைத்ததோ அதைப் பழசின் மேலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் இவருடைய பனியனுக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி.
– வீட்டைவிடக் கூரை பெரிசு! மேற்கே சுவரைத் தாண்டி நீண்டு போய், வெளியே மூன்று குட்டைக் கால்களில் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தை முளைக்குச்சி அடித்துத் தரையோடு கட்டியிருக்கிறார்கள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பழனியாண்டி இலைக்கட்டு சுமந்துகொண்டு வந்தார். ஓட்டையைப் பற்றிக் கேட்டோம்.

"எனக்கென்னக்கா தெரியும்? நான் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் கெடக்கு. நானே காங்கிரீட்டு போட்டு நிம்மதியா இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் பட்டணத்துலேர்ந்து வந்து இதைப் போயி கோயில் மாதிரி சுத்துறீங்க."

பொன்மலை எப்போது பட்டணம் ஆயிற்று? ஆனாலும் சிரிப்பு வந்தது. அவரும் லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். மீசை மறைத்துவிட்டது.

ஜூலை 9, புதன்

வெயில், மேலே மேகம். பஸ்ஸில் நசுங்கல். "உள்ள போங்க, உள்ள போங்க, அம்மாமண்டபம் எறங்குறவங்க மட்டும் முன்னாடி வாங்க." உள்ளே எங்கே போவது, டிரைவர் மடியிலா?

வீட்டுக்கு வந்தால் வாசலெல்லாம் சாமான். டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார். ரசமட்டம், தூக்குக்குண்டு, சுருள் டேப். பட்டறையில் பெட்டி தூக்கும்போது ஊதுகிற விசில் கூட. ரிட்டையர் ஆன அன்று துணியில் சுற்றி உள்ளே வைத்தது.

"மேக்கால தணிஞ்சு போச்சு வசந்தா. மூணு காலும் மண்ணுல எறங்கிடுச்சு. அதான் தலை இடிக்குது. ஜாக்கி வெச்சுத் தூக்கிக் கல்லு குடுத்தா நேராயிடும்."

ஒரே மூச்சில் இவ்வளவும். ரயில் பெட்டி ஒரு நூல் சாய்ந்து நின்றாலும் இவருக்குப் பட்டறையில் சோறு இறங்காதாம். வீட்டில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் எழுந்து போய் நிமிர்த்துவார். அப்படிப்பட்ட மனுஷனை இந்தக் கூரைக்கு அடியில் படுக்கவைத்தால் என்ன ஆகும்?

எதையும் மாத்தாம இருங்கோ என்று மாமி சொன்னது ஞாபகம் இருக்கிறது. போன் போட்டேன். எடுக்கவில்லை. திருப்பதி போயிருக்கிறாராம், பழனியாண்டி சொன்னார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். தணிந்ததை நிமிர்த்துவது மாற்றுவதில் சேர்த்தியா என்ன? மாமி சந்தோஷம்தான் படுவார்.

அந்தோணியிடம் ஜாக்கி கேட்டிருக்கிறார். இவரே போன் பண்ணி! அந்தோணி எனக்குத் தனியாகப் போன் போட்டு, "அக்கா, அண்ணனா பேசுனது?" என்றார்.

ஜூலை 12, சனி

மதியம் இன்ஸ்டிடியூட்டுக்கு மட்டம். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அந்தோணி ஜாக்கியோடு வந்தார். தரையோடு கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் கருங்கல் வைத்து இறக்கினார்கள். கல்லை நானும் எடுத்துக் கொடுத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சித்தாள் வேலை. கூரை முனகிக்கொண்டே எழுந்தது. ரசமட்டத்தை மூங்கில் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்க்கணுமே!

இப்போது மேற்குப் பக்கம் நிமிர்ந்தே போகலாம். சும்மாவே நாலு தடவை போய் வந்தேன். பின்வாசலில் வெளிச்சம், காற்று. கயிறு இனி எட்டாது என்று பழைய முளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

ராத்திரி ரசத்துக்கு உப்பு குறைச்சல் என்றார். குறைச்சல்தான். என்ன ஒரு இனிப்பான வார்த்தை.

ஜூலை 14, திங்கள்

செருப்பு வந்துவிட்டது. காந்தி மார்க்கெட் போகணும், சின்ன வெங்காயம் தீர்ந்துபோச்சு. அவர் தோப்பு வேலிக் கதவைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறார். பழனியாண்டி கூரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு சார். என்னமோ வேற வீடு மாதிரி இருக்கு." அவ்வளவுதான், போய்விட்டார்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காற்று ஆரம்பித்துவிட்டது. வாழை இலையெல்லாம் கிழிந்து தோரணம். பின்வாசல் வழியாகப் புழுதி அடுப்படி வரைக்கும் வருகிறது. இதற்கு முன்னால் இப்படி வந்ததில்லை. மோரில் மண். கூரை கொஞ்சம் எழுந்து எழுந்து உட்கார்கிற மாதிரி இருக்கிறது. என் பிரமையோ என்னமோ.

ஜூலை 19, சனி

எழுத ஓடவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கித் தோப்புக்குள் நடந்து வருகிறேன், வீட்டின் உருவமே மாறியிருக்கிறது. மேற்கிலிருந்து அடித்த காற்று அடியில் புகுந்து கூரையை முழுசாகத் தூக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டது, தலையில் கோணலாகப் போன குல்லா மாதிரி. கிழக்கே தரையைத் தொட்டபடி ஒரு ஓரம். மேற்கே மூன்று காலும் கீழே, கல்லும் கீழே. சுவர் மட்டும் மொட்டையாக நிற்கிறது. என் பருப்பு டப்பாவின் மேல் வெயில் அடிக்கிறது.

முதலில் அவரைத் தேடினேன். தோப்பு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் இல்லை. ரங்கநாதா, கோடி நமஸ்காரம்.

"என்னங்க..."

நிமிரவில்லை. "சுரேஷுகிட்டப் போயிடலாம்" என்றார். அந்தப் பழைய முகம் திரும்ப வந்துவிட்டது. வீடு போனதுகூட இல்லை, அந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுதேன். பழனியாண்டி வீட்டம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அவர்கள் வீட்டில்தான் இருக்கிறோம். கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் தரையில். வேண்டாம் என்றால், "சும்மா படுங்கக்கா, பெரிய வீட்டு விருந்தாளி மாதிரி பேசாதீங்க" என்று ஒரு அதட்டல். இந்த ஜனங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

ஜூலை 20, ஞாயிறு

மாமிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்காமல் தூக்கினோம், நான்தான் கல் எடுத்துக் கொடுத்தேன் என்பது வரைக்கும். "நாளைக்கு வரேன்" என்று வைத்துவிட்டார்.

பெங்களூர்ப் பிள்ளைக்கும் சேதி போய்விட்டது. பழனியாண்டியிடம் போனில், "விட்டுது தொல்லை. ஆவணி பொறந்ததும் ஷீட் போட்டுடலாம்" என்றானாம். ஆடியில் வீட்டு வேலை ஆரம்பிக்கக் கூடாது, அதனால் ஆவணி. எங்களுக்கு ஒரு மாதம் தவணை, அவ்வளவுதான்.

கூரை வேய்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தார் பழனியாண்டி. அவர்களும் ஆடியில் புதுக் கூரை கட்ட மாட்டார்கள். "சாமி குத்தம் ஒரு பக்கம்க்கா, இந்தக் காத்துல எவன் மேல ஏறுவான்?" சரிதானே.

அவர் சாப்பிட்டது அரை இட்லி.

ஜூலை 21, திங்கள்

வானம் மூட்டம். காற்று குறைவு.

மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயது, கையில் குடை. நேரே கூரையைப் பார்க்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மாட்டின பிள்ளைகள் மாதிரி பின்னால். ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"நேரா நிறுத்தினேளா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எங்கப்பா பாத்திருந்தா குடையாலயே ரெண்டு போட்டிருப்பார்." கோபம்தான். ஆனால் அப்படியே சிரித்தும் விட்டார். "நன்னா இருக்கு போங்கோ. இத்தனை வருஷத்துல இதை நேராக்கணும்னு தோணினது உங்களுக்கு ஒருத்தருக்குத்தான்."

வாழைமட்டையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சொன்னார். மாமி சொன்னபடியே எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

"இது இங்க கட்டின கூரையே இல்லை. அக்கரையில ஒரு வீட்டு மேல இருந்தது. கொள்ளிடத்துல வெள்ளம் வந்து அந்த வீட்டு மண்சுவரெல்லாம் கரைஞ்சு போயிடுத்து. கூரை மட்டும் அலுங்காம மணல்ல உக்காந்துண்டிருந்ததாம். எங்கப்பா போய்ப் பாத்தார். அந்த வீட்டுக்காரா கூரைக்கு அடியிலயே நொழைஞ்சு குடித்தனம் நடத்திண்டிருந்தா. 'என் தோப்புக்கு வந்துடுங்கோ, எடம் தரேன்'னார். 'நாங்க வந்தா கூரையும் வரும் சாமி'ன்னாளாம். கோடையில ஆறு காஞ்சதும், ஊரே சேந்து முழுசாத் தூக்கிண்டு மணல் மேல நடந்து வந்தா. நான் பாவாடை கட்டிண்டிருந்த வயசு. கரையில நின்னு பாத்தேன். கூரைக்குக் கீழ வெறும் காலாத் தெரிஞ்சுது."

"அப்ப அந்த ஓட்டை..." அவர்தான். வாய் திறந்துவிட்டார்.

"அது அக்கரை வீட்டுக் கால் செருகின துளை. இங்க கூரைக்குத் தகுந்தாப்பலதான் சுவர் எழுப்பினா. எழுப்பறச்சே அளவு தப்பிடுத்து, கூரை மேக்கால நீண்டுடுத்து. அப்பா நறுக்கிடலாம்னார். அவா விடலை. அப்படியே தரையோட தாழ்த்திக் கட்டிட்டா. ஆடிக் காத்து மேக்கேர்ந்துதானே வரும்? அடியில நொழைய வழியில்லாம மேல வழுக்கிண்டு போயிடும். தலை இடிக்கும்தான். எல்லார் தலையும் இடிச்சிருக்கு, என்னுதும்தான். அதுக்காக யாரும் அதைத் தொட்டதில்லை."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அது தானா எறங்கலை. எறக்கி வெச்சிருக்காங்க."

"அக்கரையிலேர்ந்து வந்தது யாரு மாமி?" என்று கேட்டேன்.

மாமி குடையால் பழனியாண்டியைக் காட்டினார். "இவனோட தாத்தாதான். இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே வேற வீடு கட்டிண்டு போயிட்டா."

பழனியாண்டி வாயைப் பிளந்தார். "நாங்க அக்கரைக்காரங்கன்னு சொல்லுவாங்க, கூரையோட வந்தோம்னு யாரும் சொல்லலியே! அப்ப இது எங்க கூரையா மாமி?"

"ஆமாம். எடுத்துக்கறயா?"

"ஐயையோ, எனக்கு வேணாம். எங்க வீட்டுல டைல்ஸ் போட்டிருக்கேன்."

எல்லோரும் சிரித்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சிரிப்பில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நான்தான் துணிந்து கேட்டேன். ஆடியாயிற்றே, என்ன செய்வது என்று. மாமி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "புதுசாப் போட்டாத்தான் ஆடி பாக்கணும். விழுந்ததை எடுத்து வெக்கறதுக்கு நாள் என்ன, நட்சத்திரம் என்ன? தூக்க ஆள் இருந்தாத் தூக்கி வையுங்கோ. அது எடத்துல அது உக்காந்துடுத்துன்னா என் பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன். உக்காரலைன்னா நானும் ஒண்ணும் சொல்றதுக்கில்லை, அவன் இஷ்டம்."

ஜூலை 23, புதன்

அவர் விடிந்ததிலிருந்து கூரைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறார். எந்தக் கட்டு விட்டிருக்கிறது, எந்த மூங்கில் ஒடிந்திருக்கிறது. கூரையின் மரக்கூடு ஒன்றும் கலையவில்லையாம். "ரயில் பெட்டி மாதிரிதான். தூக்குற எடம் தெரிஞ்சா தூக்கிடலாம்." என்னிடம் சொன்னாரா, கூரையிடம் சொன்னாரா தெரியவில்லை. ஆனால் சொன்னார்.

விழுந்து கிடந்த மூன்று கால்களையும் பழைய குழியிலேயே நட்டிருக்கிறார். கல் இல்லாமல். பிடுங்கிப் போட்ட முளைகளைத் தேடி எடுத்து அதே இடத்தில் அடித்துவைத்திருக்கிறார்.

அந்தோணி ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டி வருகிறார். ஆனாலும் எனக்கு பயம். வழியில் இரண்டாக ஒடிந்தால்? ஒரு தரம்தான் தூக்கலாம் என்று இவரே சொல்கிறார்.

சுரேஷ் இரண்டு தடவை போன். டிக்கெட் போடட்டுமா என்கிறான். ஞாயிறு கழித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் தூங்கினால் நான் மனுஷியே இல்லை.

விடியற்காலையில் காற்று கம்மியாக இருக்கும் என்று அப்போதே வரச் சொல்லியிருந்தார். பொன்மலையிலிருந்து வரிசையாக பைக். பாதிப் பேர் இன்னும் வேலையில் இருப்பவர்கள், பாதிப் பேர் இவரைப் போல. முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாம் சேர்ந்துதான் வந்து இறங்கின. தோப்பு ஆட்கள் பழனியாண்டியோடு. கொஞ்சப் பேர் பக்கத்துத் தோப்பிலிருந்து வேடிக்கை பார்க்க வந்து, மாட்டிக்கொண்டவர்கள். மாமி குடையோடு.

கூரைக்கு அடியில் நீளமான மூங்கில்களைக் குறுக்கே செருகினார்கள். முனைக்கு முனை ஆள். அவர் எதிரே மேட்டில் ஏறி நின்று, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். ஊதினார்.

பொன்மலை ஆட்கள் தூக்கினார்கள். தோப்பு ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூரை ஒரு பக்கமாக நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் போட்டது. "எறக்கு, எறக்கு!" என்று அந்தோணிதான் கத்தினார். என் உயிர் என்னிடம் இல்லை.

"அண்ணே, இவங்களுக்கு விசில் தெரியாதுண்ணே. வாயால சொல்லுங்க!"

அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் மேட்டுக்குக் கீழேதான் இருந்தேன். ஏதோ சொன்னார், எனக்கே கேட்கவில்லை.

"சார், கத்துங்க சார், ஒண்ணும் கேக்கலை!" என்று அந்தக் கடைசியிலிருந்து பழனியாண்டி.

"தூக்கத் தயாரா நில்லு!"

அப்பா, என்ன குரல் அவருக்கு! வாழைத்தோப்பில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. மாமி காதைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் மூச்சைப் பிடி... தூக்கு! நில்லு! அந்தோணி, உன் பக்கம் ஒரு சாண் கூடிடுச்சு, எறக்கு. பழனியாண்டி, நீ ஏத்து. ஏத்துய்யா, சோறு திங்கலியா? ம், அப்படியே மேக்கால நட. சின்ன அடி. சின்ன அடி!"

கூரை நடந்தது. மாமி சொன்னது போலவே கீழே வெறும் கால்கள். செருப்புப் போட்ட கால், சேற்றுக் கால், பட்டறை பூட்ஸ் கால். மாமி "ரங்கா, ரங்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார், கண்ணில் தண்ணீர். மேற்கு ஓரம் அந்தக் குட்டைக் கால்களுக்கு நேராக வந்ததும், "எறக்கு. பூப்போல எறக்கு. போடாதே!" என்று மேட்டிலிருந்து கத்தினார். உட்கார்ந்தது. அவர் தானே ஓடிப் போய்க் கயிறுகளை முளைகளில் இழுத்துக் கட்டினார். நிமிரும்போது நங்கென்று இடித்துக்கொண்டார். எல்லோரும் ஹோ என்று கத்தினார்கள்.

தக்காளி சாதம், உருளைக்கிழங்கு, மோர். பழனியாண்டி வீட்டம்மாவும் நானும் ஆக்கினது. தோப்பு இலை. சட்டி காலி. வந்தவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஏதாவது சொல்லணும் என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்தோணி மட்டும் புரிந்துகொண்டார். "சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டினார்.

மாமி அங்கேயே நின்று பிள்ளைக்குப் போன் போட்டார். "உக்காந்துடுத்துடா. ஆவணியும் வேண்டாம், ஷீட்டும் வேண்டாம். அவா இருக்கா, பாத்துப்பா." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

உடைந்த கீற்றை மட்டும் மாற்ற ஆள் வந்தார்கள். பழசின் மேலேயே புதுசு. புகை போட மாமி சொல்லியிருக்கிறார். கேஸ் அடுப்பு வந்தபின் மூங்கிலுக்குப் புகை கிடைக்கவில்லையாம், பூச்சி வருமாம். சருகு கொளுத்தி இரண்டு பேரும் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அவர் பேச்சு, பேச்சு, பேச்சு. லிஃப்டிங் ஷாப்பில் எந்த வருஷம் எந்தப் பெட்டி, யார் கையை நசுக்கிக்கொண்டான். தலை கிறுகிறுக்கிறது. ஒரு தடவை வாயை மூடுங்களேன் என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

நல்ல வெயில், பேய்க் காற்று. அம்மாமண்டபம் படித்துறையில் நிற்க இடமில்லை. தாலிக் கயிறு மாற்றிக்கொண்டேன். காவேரிக்கு வெற்றிலை, பழம், காதோலை கருகமணி. வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. எல்லாம் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன கேட்பது என்று கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் மாமி வீட்டுக்கு ஒரு தூக்கு, பழனியாண்டி வீட்டுக்கு ஒரு தூக்கு.

காற்று மேற்கிலிருந்துதான். தோப்பில் இரண்டு வாழை சாய்ந்துவிட்டது. வீட்டுக்குள் விளக்குச் சுடர் அசையவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

சுரேஷ் போன். வழக்கம் போல் நான் எடுத்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "வரலைடா. நீங்க பொங்கலுக்கு இங்க வாங்க. இந்த வீட்டுக்கு ஒரு பக்கம் தணிவா இருக்கணும்டா, எவனாவது வந்து நேராக்கிடுவான். பாத்துக்க ஆள் வேணும்." போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "ஹலோ, ஹலோ, இருக்கியா?" என்று கத்தினார். அழுதிருப்பான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

நாளைக்கு: பால் கார்டு, அந்தோணியின் ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்கணும், கொல்லைப்பக்கம்...

இதோ, எழுதும்போதே. பின்வாசலில் நங்கென்று. எழுந்திருக்கவில்லை நான். கட்டினவனை இழுக்கிறார், கட்டினவன் அப்பனை இழுக்கிறார், பழனியாண்டி தாத்தா, மாமியின் அப்பா, ஒருவரும் தப்பவில்லை. தோப்பு முழுக்கக் கேட்கிறது. திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்.